மார்ச் மாதத்து இடம் நவம்பரிலேயே முடிவாகிறது: கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு கான்ஃபரன்ஸ் மேலே வருவது எப்படி?

2016 மார்ச். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் தேசியப் போட்டிக்கு 68 அணிகளைத் தேர்ந்தெடுத்து அறிவித்தார்கள். தென்கிழக்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்திருக்கும் எஸ்.இ.சி. என்ற கான்ஃபரன்ஸில் அப்போது 14 அணிகள். அவற்றில் அழைப்பு வந்தது மூன்றே மூன்று அணிகளுக்கு: கென்டக்கி, டெக்சஸ் ஏ அண்ட் எம், வாண்டர்பில்ட். அதிலும் வாண்டர்பில்ட்டுக்குக் கிடைத்தது, 64 அணிகள் ஆடும் முதன்மைச் சுற்றுக்கு முன்னால் நடக்கும் தகுதி ஆட்டத்தில் ஓர் இடம். அதிலேயே தோற்றுத் திரும்பியது.

2025 மார்ச். அதே எஸ்.இ.சி.யில் இப்போது 16 அணிகள். 14 அணிகளுக்கு அழைப்பு. அதற்கு முன்பு எந்தக் கான்ஃபரன்ஸும் இத்தனை இடம் பிடித்ததில்லை; 2011-ல் பிக் ஈஸ்ட் பெற்ற 11 இடம்தான் பழைய சாதனை. கடைசியில் கோப்பையும் எஸ்.இ.சி.யின் ஃப்ளோரிடாவுக்கே போனது. இறுதி ஆட்டத்தில் ஹூஸ்டனை 65-63 என்று ஜெயித்தார்கள்.

இடையில் இருப்பது ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடத்தில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால், ஒரு கான்ஃபரன்ஸ் தன் மதிப்பை எப்படி உயர்த்திக்கொள்கிறது என்பது பெரும்பாலும் புரிந்துவிடும். வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில் படிக்கிறார்கள் என்றால், மார்ச் மாதத்தில் ‘பிராக்கெட்’ (யார் யாரோடு மோதுவது என்ற தேசியப் போட்டி அட்டவணை), ‘பபிள்’ (இடம் கிடைக்குமா கிடைக்காதா என்ற விளிம்பு), ‘நெட் ரேங்க்’ என்றெல்லாம் போனில் பேசுவது காதில் விழுந்திருக்கும். அந்தச் சொற்களுக்குப் பின்னால் இருக்கும் கணக்கைத்தான் இங்கே அடியிலிருந்து சொல்லப்போகிறேன்.

கான்ஃபரன்ஸ் என்பது என்ன

என்.சி.ஏ.ஏ. நடத்தும் கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில், அதாவது டிவிஷன் 1-ல், 360-க்கும் மேற்பட்ட ஆண்கள் கூடைப்பந்து அணிகள் இருக்கின்றன. ஒரு சீசனில் ஓர் அணி ஆடுவது சுமார் 31 ஆட்டம். எல்லாரும் எல்லாரோடும் ஆட வழியே இல்லை. அதனால் எட்டு, பத்து, பதினாறு என்று பல்கலைக்கழகங்கள் கூட்டுச் சேர்ந்து தங்களுக்குள் ஒரு லீக் நடத்திக்கொள்கின்றன. அந்தக் கூட்டுதான் கான்ஃபரன்ஸ். நவம்பர், டிசம்பரில் வெளி அணிகளோடு ஆடுவார்கள். ஜனவரி, பிப்ரவரியில் பெரும்பாலும் கூட்டுக்குள்ளேயே ஆடுவார்கள். மார்ச் தொடக்கத்தில் கூட்டுக்குள் ஒரு நாக்-அவுட் போட்டி நடக்கும்.

அந்த நாக்-அவுட்டில் ஜெயிக்கிற அணிக்குத் தேசியப் போட்டியில் நேரடி இடம் உண்டு. 2025-ல் அப்படி 31 இடங்கள் போயின. மீதி 37 இடங்களை 12 பேர் கொண்ட தேர்வுக் குழு ஒன்று உட்கார்ந்து பேசி நிரப்பியது. ஒரு கான்ஃபரன்ஸின் தேசிய மதிப்பு என்பது நடைமுறையில் இந்த 37-ல் எத்தனை இடம் அதற்குக் கிடைக்கிறது, என்ன வரிசை எண்ணோடு (குழு அணிகளுக்கு 1 முதல் 16 வரை தரும் தர எண்; 1 தான் உயர்ந்தது) கிடைக்கிறது என்பதுதான். சாம்பியனுக்கான அந்த ஓர் இடத்தைத் தவிர வேறு எதுவும் கிடைக்காத கான்ஃபரன்ஸை ‘ஒன்-பிட் லீக்’ என்பார்கள். டிவிஷன் 1-ல் பெரும்பாலான கான்ஃபரன்ஸ்களின் நிலைமை அதுதான்.

இதில் பணமும் இருக்கிறது. தேசியப் போட்டியில் ஒரு அணி ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் (இறுதி ஆட்டம் நீங்கலாக) அதன் கான்ஃபரன்ஸுக்கு ஒரு ‘யூனிட்’ சேரும். ஒரு யூனிட்டின் மதிப்பு ஆறு வருடத்துக்குச் சேர்த்து சுமார் 20 லட்சம் டாலர். 2022-ல் நியூ ஜெர்சியின் செயின்ட் பீட்டர்ஸ் என்ற சின்னக் கல்லூரி, 15-ம் வரிசை எண்ணோடு வந்து கென்டக்கியைத் தோற்கடித்து, கடைசி எட்டு அணிகள் வரை போனது. நான்கு ஆட்டம், நான்கு யூனிட். அந்தப் பணம் அந்தக் கல்லூரி இருந்த எம்.ஏ.ஏ.சி. என்ற கான்ஃபரன்ஸின் கணக்கில் சேர்ந்தது. ஒருவர் ஜெயித்தால் எல்லாருக்கும் வரவு. அதனால்தான் பக்கத்து வீட்டு அணி எப்படி ஆடுகிறது என்பது ஒவ்வொரு உறுப்பினருக்கும் சொந்தக் கவலையாகிவிடுகிறது.

கூட்டுக்குள் கிடைக்காத வெற்றி

இந்த விஷயத்தில் முதலில் மனதில் பதிய வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

எஸ்.இ.சி.யின் 16 அணிகளும் தங்களுக்குள் ஆளுக்கு 18 ஆட்டம் ஆடுகின்றன. மொத்தம் 144 ஆட்டம். அதாவது 144 வெற்றி, 144 தோல்வி. எல்லா அணிகளும் அபாரமாக ஆடினாலும் 144 தோல்விதான். எல்லாம் சொதப்பினாலும் 144 வெற்றிதான். யார் கோச், யார் நட்சத்திரம், அரங்கில் எத்தனை ஆயிரம் பேர் என்பதெல்லாம் இந்த எண்ணை மாற்றாது. கூட்டுக்குள் ஆடும் ஆட்டம் வெற்றிகளைப் பங்குபோடும், புதிதாக எதையும் சேர்க்காது.

அப்படியென்றால் ஒரு கான்ஃபரன்ஸ் இன்னொன்றைவிட வலிமையானது என்று எதை வைத்துச் சொல்வது? வெளி அணிகளோடு ஆடிய ஆட்டங்களை வைத்துத்தான். அவை முக்கால்வாசியும் நவம்பரிலும் டிசம்பரிலும் முடிந்துவிடுகின்றன. ஜனவரி பிறக்கும்போது கான்ஃபரன்ஸின் மொத்த மதிப்பு ஏறக்குறைய உறைந்துவிடும். அதற்கப்புறம் ஒரு அணி ஏறினால் இன்னொன்று இறங்க வேண்டும். பிப்ரவரியில் வந்து ‘எங்கள் லீக் ரொம்பக் கடினமான லீக், எங்களுக்கு ஏன் இடமில்லை’ என்று கோச்சுகள் வருத்தப்படுவதை ஒவ்வொரு வருடமும் கேட்கலாம். அந்த வருத்தத்துக்கான பதில் பெரும்பாலும் நவம்பர் மாத ஸ்கோர் பட்டியலில் கிடக்கும்.

2024-25 சீசனில் எஸ்.இ.சி. வெளி அணிகளோடு ஆடியது 208 ஆட்டம். அதில் 185 வெற்றி, 23 தோல்வி. டிசம்பர் தொடக்கத்தில் ஏ.சி.சி. என்ற இன்னொரு பெரிய கான்ஃபரன்ஸோடு நேருக்கு நேர் வைத்த 16 ஆட்டத்தில் 14-ஐ ஜெயித்தார்கள். அந்த 14 அழைப்புகளுக்கு அஸ்திவாரம் அப்போதே போட்டாகிவிட்டது.

‘நெட்’ எப்படிக் கணக்கிடுகிறது

தேர்வுக் குழுவின் மேசையில் இருக்கும் முக்கியமான அளவுகோல் ‘நெட்’ தரவரிசை. 2018-19 சீசனில் வந்தது. அதற்கு முன்னால் பல பத்தாண்டுகளாக ஆர்.பி.ஐ. என்ற ஒன்று இருந்தது. ஆர்.பி.ஐ. எளிய சூத்திரம்: உன் வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம், உன் எதிராளிகளின் வெற்றி விகிதத்துக்கு 50 சதவீதம், அவர்களுடைய எதிராளிகளின் விகிதத்துக்கு 25 சதவீதம். அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்து உன் கையில் இல்லை, நீ யாரோடு ஆடுகிறாய் என்பதில் இருக்கிறது.

நெட் வேறு மாதிரி. நம்மில் பலருக்குக் கிரிக்கெட்டின் நெட் ரன் ரேட் தெரியும். கிட்டத்தட்ட அதே யோசனைதான். ஆனால் இதில் எதிராளியின் தரத்தையும், ஆடிய இடத்தையும் சேர்த்துச் சரிசெய்கிறார்கள். ஓர் ஆட்டத்தை எடுத்துப் பார்ப்போம். ஒரு அணியின் கைக்குப் பந்து 70 முறை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 77 புள்ளி எடுக்கிறது, 63 விட்டுக்கொடுக்கிறது. நூறு முறைக்கு என்று மாற்றினால் எடுத்தது 110, கொடுத்தது 90. வித்தியாசம் 20. பார்த்தால் நல்ல வெற்றி. ஆனால் எதிராளி பட்டியலின் அடியில் இருக்கும் அணி, ஆட்டம் நடந்தது சொந்த அரங்கு என்றால், ஒரு நல்ல அணி அங்கே 35, 40 வித்தியாசத்தில் ஜெயித்திருக்க வேண்டும். அப்போது இந்த 20 நஷ்டக் கணக்கில்தான் போகும். அதே 20-ஐ ஒரு வலுவான அணியின் ஊருக்குப் போய் எடுத்தால், தரவரிசையில் பல படி ஏறலாம்.

இதன் விளைவு ஒன்று உண்டு. பலவீனமான அணியை வீட்டுக்கு அழைத்து 45 புள்ளியில் நசுக்கினாலும் நெட் உயரும். சில கோச்சுகள் ஆட்டம் முடிவான பிறகும் முக்கிய வீரர்களை உட்காரவைக்காமல் ஆடுவது இதனால்தான். இதை ஓட்டை என்று சொல்பவர்கள் நிறைய. எனக்கும் அது பிடிக்கவில்லை. கடைசி ஐந்து நிமிடம் பெஞ்சில் இருக்கும் பையன்களுக்கு ஆடக் கிடைக்கும் நேரம், அதை எண்ணுக்காகப் பறிப்பது வேதனையாக இருக்கிறது. ஆனால் அளவுகோல் அப்படி இருக்கும்வரை அதற்கேற்பத்தான் நடப்பார்கள்.

நெட் வரிசையை வைத்து ஒவ்வொரு ஆட்டத்தையும் நான்கு பெட்டியில் போடுகிறார்கள். மேலான பெட்டி ‘குவாட் 1’. சொந்த அரங்கில் ஆடினால் முதல் 30 இடத்துக்குள் இருக்கும் அணியோடு ஆடியது குவாட் 1. பொது இடத்தில் என்றால் முதல் 50. எதிராளி ஊரில் என்றால் முதல் 75. கடைசியில் சொன்ன அந்த 75-ஐக் கவனியுங்கள். ஒரு கான்ஃபரன்ஸில் 12 அணிகள் முதல் 75-க்குள் இருந்தால், அந்த அணிகளின் ஊருக்குப் போய் ஆடும் எந்த ஆட்டமும் குவாட் 1 ஆகிவிடும். தோற்றால் பெரிய அடி இல்லை. ஜெயித்தால் தேர்வுக் குழுவுக்குக் காட்ட ஒரு நல்ல வெற்றி. வாரத்துக்கு ஒன்று அப்படி வாய்க்கும். பத்தாவது இடத்தில் இருக்கும் அணிக்குக்கூட இடம் கிடைப்பது இந்த வழியில்தான். அதே கான்ஃபரன்ஸில் அடிமட்ட அணிகள் 200-க்குக் கீழே கிடந்தால், அங்கே போய் ஜெயித்து ஒரு லாபமும் இல்லை. வழுக்கி விழுந்தால் அந்த ஒரு தோல்வி சீசன் முழுவதும் கூடவே வரும்.

2024-25 முதல் ‘வின்ஸ் அபவ் பபிள்’ என்ற இன்னொரு எண்ணும் குழுவின் தாளில் சேர்ந்திருக்கிறது. விளிம்பில் நிற்கும் ஒரு சராசரி அணி இதே அட்டவணையை ஆடியிருந்தால் எத்தனை ஜெயித்திருக்கும், நீ அதைவிட எத்தனை கூட ஜெயித்தாய் என்று பார்க்கும் எண். இதில் எத்தனை புள்ளியில் ஜெயித்தாய் என்ற கேள்வியே இல்லை.

எஸ்.இ.சி. செய்த வேலை

எஸ்.இ.சி.யில் நட்சத்திர அணிகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஃப்ளோரிடா 2006-லும் 2007-லும் கோப்பை வாங்கியது. கென்டக்கி 2012-ல் வாங்கியது. 2014-ல் இரண்டும் கடைசி நான்குக்குப் போயின. ஆனாலும் 2013-லும் 2014-லும் அந்தக் கான்ஃபரன்ஸுக்குக் கிடைத்தது மும்மூன்று இடம்தான். உச்சியில் இரண்டு கோபுரம் இருந்தால் மட்டும் ஊர் பெரிய ஊராகிவிடாது. மற்றவர்கள் நவம்பரில் பலவீனமான அணிகளைச் சொந்த அரங்குக்கு அழைத்து ஆடினார்கள், அதிலும் அவ்வப்போது தோற்றார்கள். அங்கெல்லாம் கால்பந்துதான் உயிர்மூச்சு. அமெரிக்கக் கால்பந்தைச் சொல்கிறேன். கூடைப்பந்து, கால்பந்து சீசன் முடிந்த பிறகு நினைவுக்கு வரும் ஒன்றாக இருந்தது.

2013-ல் அப்போதைய கமிஷனர், அதாவது கான்ஃபரன்ஸின் தலைமை நிர்வாகி, மைக் ஸ்லைவ் ஒரு காரியம் செய்தார். இனிமேல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வெளி ஆட்ட அட்டவணையைக் கான்ஃபரன்ஸ் அலுவலகத்தின் பார்வைக்கு அனுப்ப வேண்டும் என்றார். பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விவகாரம் என்று நினைத்த விஷயம் அது. அவருக்குப் பின் 2015-ல் வந்த கிரெக் சேங்கி, 2016-ல் மைக் டிராங்கீஸை ஆலோசகராக அழைத்துவந்தார். டிராங்கீஸ் ஏறத்தாழ இருபது வருடம் பிக் ஈஸ்ட்டின் கமிஷனராக இருந்தவர். கூடைப்பந்தை வைத்தே ஒரு கான்ஃபரன்ஸை வளர்த்தவர். தன் கூட்டத்தில் யாருக்கும் தெரியாத வேலையைத் தெரிந்த ஒருவரிடம் கேட்டுச் செய்வது என்ற அந்த முடிவு, எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம்.

அட்டவணை ஒரு பக்கம் என்றால், கோச்சுகள் இன்னொரு பக்கம். ஆபர்ன் 2014-ல் புரூஸ் பேர்லை எடுத்தது. டெனசி 2015-ல் ரிக் பார்ன்ஸை எடுத்தது. அலபாமா 2019-ல் பஃபலோவிலிருந்து நேட் ஓட்ஸை எடுத்தது. ஃப்ளோரிடா 2022-ல் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து டாட் கோல்டனை எடுத்தது. கால்பந்தில் வந்த பணத்தில் ஒரு பங்கைக் கூடைப்பந்தில் போட்டார்கள். பலன் உடனே வரவில்லை, ஆனால் வந்தது. ஆபர்ன் 2019-ல் தன் வரலாற்றிலேயே முதல்முறையாகக் கடைசி நான்குக்குப் போனது. அலபாமா 2024-ல் முதல்முறையாகப் போனது. கான்ஃபரன்ஸின் இடங்கள் 2016-ல் 3, 2017-ல் 5, 2018-ல் 8 என்று ஏறின.

அட்டவணையைப் பலப்படுத்து என்றால், எல்லாரும் எல்லா மலையிலும் போய் முட்டு என்று பொருள் இல்லை. இது ஆரம்பத்தில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். கான்ஃபரன்ஸில் 14-ம் இடத்துக்கு வரப்போகும் அணி நவம்பரில் ஐந்து பெரிய அணிகளோடு ஆடி ஐந்திலும் தோற்றால், அந்தத் தோல்வி ஜனவரியில் அதோடு ஆடும் அத்தனை பேரின் கணக்கிலும் ஏறும். அந்த அணிக்கு ஏற்ற அட்டவணை, ஜெயிக்கக்கூடிய, ஆனால் படுமோசமாக இல்லாத எதிராளிகள். மேலே இருக்கும் அணிதான் வெளியூர் போய்ப் பெரிய தலைகளோடு மோத வேண்டும். யாருக்கு எவ்வளவு எடை என்று பார்த்துத் தூக்கவைப்பதுதான் கான்ஃபரன்ஸ் அலுவலகத்தின் உண்மையான வேலை. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தில் யார் எங்கே நிற்பது என்பதைப் போல.

இதன் மறுபக்கத்தை அதே 2025-ல் ஏ.சி.சி.யில் பார்க்கலாம். டியூக்கும் நார்த் கரோலைனாவும் இருக்கும் கான்ஃபரன்ஸ். கல்லூரிக் கூடைப்பந்தின் பழைய அரண்மனை. 18 அணிகளில் அழைப்பு நான்குக்குத்தான்: டியூக், கிளெம்சன், லூயிவில், நார்த் கரோலைனா. நவம்பர், டிசம்பரில் விழுந்த அடியிலிருந்து எழுந்திருக்க ஜனவரியில் இடமே இருக்கவில்லை. டியூக் எத்தனை பேரை எத்தனை புள்ளியில் ஜெயித்தாலும், அந்த வெற்றி இன்னொரு ஏ.சி.சி. அணியின் தோல்வியாகத்தான் பதிவானது. சீசன் முடிந்ததும் கூட்டுக்குள் ஆடும் ஆட்டங்களை 20-லிருந்து 18 ஆகக் குறைக்க முடிவெடுத்தார்கள். வெளியே ஆட ஆளுக்கு இரண்டு ஆட்டம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்பதுதான் யோசனை.

சின்னக் கான்ஃபரன்ஸுக்கு என்ன வழி

சரி, எஸ்.இ.சி.யிடம் பணம் இருந்தது. பணம் இல்லாதவர்கள் என்ன செய்வது?

அவர்களுடைய முதல் தடை எளியது, கொடியதும்கூட. நல்ல அணிகள் அவர்கள் அரங்குக்கு வருவதில்லை. ஒரு நடுத்தரக் கான்ஃபரன்ஸின் சிறந்த அணியோடு அதன் ஊரில் ஆடுவதில் பெரிய அணிக்கு என்ன லாபம்? ஜெயித்தால் யாரும் பேச மாட்டார்கள், தோற்றால் ஊரே பேசும். அதனால் ‘நீ எங்கள் ஊருக்கு வா, பணம் தருகிறேன்’ என்பார்கள். ஓர் ஆட்டத்துக்கு ஒரு லட்சம் டாலரை ஒட்டிக் கொடுப்பது வழக்கம். திருப்பி வருவதாகப் பேச்சு இல்லை. ஏழைக் கல்லூரிகளின் பட்ஜெட் இந்தப் பணத்தில்தான் ஓடுகிறது. வருடத்துக்கு ஐந்தாறு தோல்வியைப் பணத்துக்கு விற்கிறார்கள் என்று சொல்லலாம். ஆனால் அந்தத் தோல்வி அவர்கள் கான்ஃபரன்ஸின் தலையிலும் விழுகிறது. உறுப்பினர்களின் தலைவர்கள் கூடி ‘இதைக் குறைப்போம், ஈடுகட்ட வேறு வழி பார்ப்போம்’ என்று முடிவெடுக்காதவரை அந்தக் கான்ஃபரன்ஸ் நகரவே நகராது.

2000-களில் மிசோரி வேலி கான்ஃபரன்ஸ் இதைச் சாதித்துக் காட்டியது. ஆர்.பி.ஐ. காலம் அது. கமிஷனர் டக் எல்ஜினும் உறுப்பினர்களும் சூத்திரத்தை ஊன்றிப் படித்தார்கள். எதிராளியின் வெற்றி விகிதத்துக்குத்தான் பாதி எடை என்றால், படுமோசமான அணிகளை அட்டவணையிலிருந்து நீக்கினாலே பாதி வேலை முடிந்தது. 2004-05 முதல் வெளியூர் வெற்றிக்கு 1.4, சொந்த ஊர் வெற்றிக்கு 0.6 என்று எடை மாற்றினார்கள். வழக்கமாகவே வெளியூர் போய் ஆடிக்கொண்டிருந்த இந்த அணிகளுக்கு அது கைகொடுத்தது. 2006-ல் நான்கு அழைப்பு. இவர்களுக்கு எதற்கு நான்கு என்று தொலைக்காட்சியிலேயே கேட்டார்கள். விச்சிட்டா ஸ்டேட்டும் பிராட்லியும் கடைசி 16-க்குப் போய்ப் பதில் சொன்னார்கள். பிராட்லி 13-ம் வரிசை எண்ணோடு வந்து கேன்சஸைத் தோற்கடித்தது.

அதே 2006-ல் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அப்போது ஈ.எஸ்.பி.என். என்ற விளையாட்டுத் தொலைக்காட்சி பிப்ரவரி மாதத்தில் ‘பிராக்கெட்பஸ்டர்ஸ்’ என்ற பெயரில் நடுத்தரக் கான்ஃபரன்ஸ் அணிகளை ஒன்றோடு ஒன்று மோதவிட்டுக்கொண்டிருந்தது. பெரியவர்கள் வரமாட்டார்கள் என்றால், நல்ல சின்னவர்கள் இருவர் ஆடிக்கொள்ளட்டும். ஜெயித்தவருக்கு ஒரு தரமான வெற்றியாவது சேரும். அதில் வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் விச்சிட்டாவுக்குப் போய் விச்சிட்டா ஸ்டேட்டை ஜெயித்தது. பின்பு தன் கான்ஃபரன்ஸ் நாக்-அவுட்டில் அரையிறுதியில் தோற்றது. நேரடி இடம் போயிற்று. இருந்தும் குழு அழைத்தது. மிஷிகன் ஸ்டேட், நார்த் கரோலைனா, மறுபடி விச்சிட்டா ஸ்டேட், கூடுதல் நேரத்தில் 86-84 என்று கனெக்டிகட் என்று வரிசையாக ஜெயித்துக் கடைசி நான்கு வரை போனார்கள். பிப்ரவரியில் கிடைத்த அந்த வெளியூர் வெற்றி கையில் இல்லாமல் இருந்திருந்தால் குழு என்ன செய்திருக்குமோ.

மேற்குக் கரையின் டபிள்யூ.சி.சி. வேறொரு முடிச்சை அவிழ்த்தது. அங்கே கொன்சாகா ஒன்றுதான் தேசிய அளவிலான அணி. வருடா வருடம் முதல் சில இடங்களில் இருக்கும். ஆனால் கூட்டின் அடிமட்டத்தோடு இரண்டிரண்டு முறை ஆடுவது அதற்கு வெறும் சுமை. 2018-19 சீசனிலிருந்து கூட்டுக்குள் ஆட்டங்களை 18-லிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். கொன்சாகாவுக்கு வெளியே மோத இரண்டு வாய்ப்புக் கூடியது. கீழே இருந்தவர்களுக்கு ஜெயிக்க இரண்டு வாய்ப்புக் கூடியது. 2022-ல் மூன்று அணிகளுக்கு அழைப்பு: கொன்சாகா, செயின்ட் மேரிஸ், சான் ஃபிரான்சிஸ்கோ. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அது 1998-க்குப் பின் கிடைத்த முதல் அழைப்பு.

அப்புறம் என்ன நடந்தது என்று பாருங்கள். அந்தச் சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் கோச்தான் டாட் கோல்டன். அந்த மாதமே ஃப்ளோரிடா அவரை அழைத்துக்கொண்டது. மூன்று வருடத்தில் ஃப்ளோரிடாவுக்குக் கோப்பை. அந்தக் கோப்பையில் கடைசி நான்கின் சிறந்த வீரராகத் தேர்வான வால்டர் கிளேட்டன் முதலில் ஆடியது அயோனாவில். வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்து வந்தவர், அலைஜா மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து வந்தவர். அதே வருடம் ஆபர்னின் தூணாக நின்ற ஜானி புரூம் மோர்ஹெட் ஸ்டேட்டில் வளர்ந்தவர். நால்வரும் சின்னக் கான்ஃபரன்ஸ்களில் தொடங்கியவர்கள். வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று 2021 ஜூலையில் வழி திறந்தது. இப்போது கல்லூரி மாறினால் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும் என்ற கட்டுப்பாடும் இல்லை. 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே விளையாட்டு வருவாயில் ஒரு பங்கை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். வீரர்களுக்கு இது நியாயமான வரவு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் சின்னக் கான்ஃபரன்ஸ் ஒன்று இரண்டு வருடம் பாடுபட்டு வளர்க்கும் பையனை மூன்றாவது வருடம் பெரியவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பதை இனி அதன் திட்டத்திலேயே சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். யூனிட் பணத்தில் ஒரு பகுதியைச் சமமாகப் பிரிக்காமல், ஜெயித்த அணிக்கே கூடுதலாகக் கொடுத்து அதன் வீரர்களையும் கோச்சையும் தக்கவைக்கலாமா என்ற பேச்சு இதிலிருந்துதான் கிளம்புகிறது.

எப்படிப் பார்த்தாலும் ஓர் இடம்தான் கிடைக்கும் என்ற நிலையில் இருக்கும் லீக்குகளுக்கு இன்னொரு சின்ன வழி உண்டு. தங்கள் சிறந்த அணியே நாக்-அவுட்டில் ஜெயிக்கும்படி ஏற்பாடு செய்வது. பேட்ரியட் லீக்கில் நாக்-அவுட் ஆட்டங்களை மேல்வரிசை அணியின் சொந்த அரங்கிலேயே வைக்கிறார்கள். டபிள்யூ.சி.சி.யில் முதல் இரண்டு அணிகளை நேரே அரையிறுதியில் இறக்கினார்கள். சிறந்த அணி போனால் நல்ல வரிசை எண். நல்ல வரிசை எண் என்றால் முதல் சுற்றில் ஜெயிக்க வாய்ப்பு. ஜெயித்தால் இரண்டாவது யூனிட்.

ஏறிய பிறகு

பிக் ஈஸ்ட் 2013-ல் இரண்டாக உடைந்தது. கால்பந்துக் கல்லூரிகள் ஒரு பக்கம் போக, கூடைப்பந்தே பெரிதென்று இருந்த ஏழு கத்தோலிக்கக் கல்லூரிகள் பெயரைத் தக்கவைத்துக்கொண்டு பட்லர், கிரெய்ட்டன், சேவியர் ஆகிய மூன்றைச் சேர்த்துக்கொண்டன. இனி அவ்வளவுதான் என்று பலர் எழுதினார்கள். அவர்களில் வில்லனோவா 2016-லும் 2018-லும் கோப்பை வாங்கியது. 2020-ல் திரும்பி வந்த கனெக்டிகட் 2023-லும் 2024-லும் வாங்கியது. யாரைச் சேர்ப்பது என்பதில் கண்டிப்பாக இருந்ததன் பலன் அது. கிரெய்ட்டனை இழந்தது மிசோரி வேலி. பிற்பாடு 2017-ல் விச்சிட்டா ஸ்டேட்டையும் இழந்தது. நான்கு அழைப்பு வாங்கிய கான்ஃபரன்ஸ் மறுபடி பெரும்பாலும் ஓர் இடத்துக்குத் திரும்பியது.

மவுன்டன் வெஸ்ட் என்ற கான்ஃபரன்ஸுக்கும் உறுப்பினர்களை இழக்கும் அதே நேரம் இப்போது வந்திருக்கிறது. அதன் உறுப்பினரான சான் டியாகோ ஸ்டேட் 2023-ல் தேசிய இறுதி ஆட்டம் வரை போய்க் கனெக்டிகட்டிடம் தோற்றது. 2024-ல் அந்தக் கான்ஃபரன்ஸுக்கு ஆறு அழைப்பு. பெரிய கால்பந்துப் பணம் இல்லாத ஒரு கூட்டுக்கு இது அபாரமான எண். சான் டியாகோ ஸ்டேட், பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட் ஆகிய ஐந்தும் புதிதாகக் கட்டப்படும் பேக்-12 என்ற கான்ஃபரன்ஸுக்கு மாறக் குறித்த நாள் 2026 ஜூலை 1. கொன்சாகாவும் அங்கேதான் போகிறது. சான் டியாகோ ஸ்டேட் 2023-ல் சம்பாதித்த ஐந்து யூனிட்டுக்கு 2029 வரை பணம் வரும். விதிப்படி அது, ஆடியபோது அணி எந்தக் கான்ஃபரன்ஸில் இருந்ததோ அதற்குச் சேரும்.

மீதம் இருப்பவர்களில் நியூ மெக்சிகோவும் ஒன்று. ஆல்புகர்க்கியில் அதன் அரங்கின் பெயர் ‘தி பிட்’. மலைமேட்டில், கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேலே, தரையைத் தோண்டிக் கீழே இறக்கிக் கட்டிய அரங்கு. 15,000 பேருக்கு மேல் உட்காரலாம். அந்தச் சத்தத்திலும் மெல்லிய காற்றிலும் வந்து ஆடப் பெரிய அணிகளுக்கு மனம் வருவதில்லை. அங்கே நவம்பரில் யாரை வரவழைப்பது, வராதவர்களோடு எந்தப் பொது ஊரில் மோதுவது என்று கோடைகாலம் முழுக்க யாரோ ஒரு துணைக் கோச் போனில் பேசிக்கொண்டே இருப்பார்.